பாபா வீடு: இடித்த பின் வருந்திப் பயன் என்ன?

மும்பை மலபார் ஹில்லில் அரபிக்கடலைப் பார்த்தபடி ஒரு மாளிகை இருந்தது. அதன் பெயர் ‘மெஹ்ராங்கீர்’. தாய் மெஹ்ரென், தந்தை ஜஹாங்கீர் இருவர் பெயரையும் சேர்த்துச் சூட்டிய பெயர். இந்திய அணுசக்தித் துறைக்கு அடித்தளம் இட்ட விஞ்ஞானி ஹோமி பாபா வாழ்ந்த குடும்ப வீடு அது. 2016-ல் இடித்துத் தரைமட்டமாக்கிவிட்டார்கள்.

‘கோடீசுவரர் மாளிகை போனால் தாராவித் தமிழனுக்கும் செம்பூர்த் தமிழனுக்கும் என்ன?’ என்று சிலர் கேட்கலாம். கேள்வி நியாயமானதே. ஆனால் அந்த வீட்டுக்காக வழக்கு மன்றம் ஏறியவர்கள் கோடீசுவரர்கள் அல்லர். டிராம்பே பாபா அணு ஆராய்ச்சி நிலையத்தில் மாதச் சம்பளத்துக்கு உழைத்த ஊழியர்கள்!

டிராம்பேக்கும் தமிழர்களுக்கும் உள்ள உறவு இன்று நேற்று வந்ததன்று. 1956 ஆகஸ்டு 4-ந் தேதி அங்கே ‘அப்சரா’ அணு உலை இயங்கத் தொடங்கியது. அந்த நிலையத்தை நம்பித் தமிழ்நாட்டிலிருந்து வந்து குடியேறிய குடும்பங்கள் பல. சென்னையில் பிறந்த ஆர். சிதம்பரம் 1962-ல் அங்கு பணியில் சேர்ந்து, பின்னாளில் அணுசக்தி ஆணையத்தின் தலைவராகவே உயர்ந்தார். அதற்கும் முன்பு பாபா பணியாற்றிய பெங்களூர் இந்திய அறிவியல் கழகத்தில் இயற்பியல் துறைத் தலைவராக இருந்தவர், நம் திருச்சி மண்ணில் பிறந்த சர் சி.வி. ராமன்.

1966 ஜனவரி 24-ந் தேதி விமான விபத்தில் பாபா மறைந்தார். வீடு தம்பி ஜம்ஷெட் பாபா வசம் இருந்தது. 2007-ல் அவரும் காலமானார். தாம் வளர்த்த தேசிய நிகழ்கலை மையத்துக்கு வீட்டை எழுதி வைத்திருந்தார். 2014 ஜூன் மாதம் அந்த மையம் வீட்டை ஏலத்துக்குக் கொண்டுவந்தது. ‘இதைத் தேசிய நினைவுச் சின்னம் ஆக்குங்கள்’ என்று ஊழியர்கள் உயர்நீதிமன்றத்தில் முறையிட்டார்கள். ஏலத்துக்குத் தடை கிடைக்கவில்லை. 372 கோடி ரூபாய்க்கு வீடு கைமாறியது.

விற்றவர்களைக் குறை கூற முடியாது. உரிமை அவர்களுடையது, கலை வளர்க்கப் பணமும் வேண்டும். வாங்கியவர் இடித்ததும் தம் சொத்தைத்தான். ஊரில் நம் பூர்வீக வீட்டை அண்ணன் தம்பிகள் பங்கு பிரித்து விற்கவில்லையா? ஆனால் நம் வீடு போனால் நம் குடும்பத்தின் நினைவுதான் போகும். பாபா வீட்டில் இருந்தது ஒரு தேசத்தின் கதை. அதைக் காக்கும் பொறுப்பு அரசுக்கு இல்லையா?

அரசால் முடியாது என்று சொல்வதற்கில்லை. லண்டனில் டாக்டர் அம்பேத்கர் மாணவராக இருந்தபோது தங்கிய வீட்டை 2015-ல் விலை கொடுத்து வாங்கியது இதே மராட்டிய அரசுதான். மைசூர் யாதவகிரியில் எழுத்தாளர் ஆர்.கே. நாராயண் வீட்டை 2011-ல் இடிக்கத் தொடங்கியே விட்டார்கள். ஊர் மக்களும் பத்திரிகையும் குரல் கொடுத்ததால் இடிப்பு நின்றது. மாநகராட்சி அந்த வீட்டை வாங்கிச் செப்பனிட்டு, நினைவகமாகத் திறந்தது. எந்த ஆண்டு தெரியுமா? பாபா வீடு இடிந்த அதே 2016!

ஆகவே ஏலம் கூறிய பிறகு ஓடுவதில் பயனில்லை. எந்தெந்த வீடுகள் வரலாற்றுச் சிறப்புடையவை என்று முன்கூட்டியே பட்டியல் எடுக்க வேண்டும். உடைமையாளர் உயிரோடு இருக்கும்போதே அரசு அவருடன் பேச வேண்டும். அவருக்கு நட்டம் வராமல் நியாய விலையோ வரிச் சலுகையோ தர வேண்டும்.

சங்கங்களுக்கும் இதில் வேலை இருக்கிறது. பாபாவை நேரில் பார்த்த டிராம்பே ஊழியர்களில் இன்றும் இருப்பவர்கள் மிகச் சிலரே, அவர்களும் முதியவர்கள். முழு மரங்களையும் வெட்ட விடாமல் வேரோடு பெயர்த்து வேறிடத்தில் நடச் செய்த மனிதர் பாபா. அவரைப் பற்றி அந்த முதியவர்கள் சொல்வதை எழுதி வைக்கலாம். பழைய படங்களைத் திரட்டலாம். மாளிகையை இனி யாராலும் திருப்பித் தர இயலாது. இந்த வேலைக்கு 372 கோடி தேவையில்லை. ஒரு நோட்டுப் புத்தகமும் சில ஞாயிற்றுக்கிழமைகளும் போதும்.