தட்டில் செத்த செல்

ஆசிரியர் அவர்களுக்கு,

'மூலிகைச் சாறு புற்றுநோயைக் கொல்கிறது' என்று அடிக்கடி செய்தி வருகிறது. படித்தவுடன் எங்கள் ஊரில் இலை பறிக்கக் கிளம்பிவிடுகிறார்கள்.

வேலியோரம் தானாய்ப் பூக்கும் நித்தியகல்யாணியையே எடுத்துக்கொள்ளுங்கள். சுடுகாட்டு மல்லி என்றும் சொல்வோம். கனடாவில் நோபிள், பீர் என்ற இரு ஆய்வாளர்கள் சர்க்கரை நோய்க்கு மருந்தாகுமா என்று இதன் சாற்றை எலிகளுக்குக் கொடுத்தார்கள். சர்க்கரை குறையவில்லை; வெள்ளணுக்கள் சரிந்தன. அந்த ஏமாற்றத்தில்தான் 1958-ல் வின்பிளாஸ்டின் என்ற புற்றுநோய் மருந்து கிடைத்தது. அதன் உடன்பிறப்பான வின்கிறிஸ்டின் இன்றும் குழந்தைகளின் ரத்தப் புற்றுக்கு மருந்து. ஒரு கிராம் வின்பிளாஸ்டின் எடுக்க ஏறத்தாழ 500 கிலோ காய்ந்த இலை வேண்டும். இந்த இலையைக் கஷாயமாகக் குடித்தால் மருந்தின் அளவு கைக்கு அடங்காது, நஞ்சு மட்டும் உறுதி.

இப்படிச் செய்திகளுக்குப் பின்னால் கல்லூரி ஆய்வகங்களில் பெரும்பாலும் நடப்பது, 96 குழித் தட்டில் வளர்த்த புற்றுச் செல்களில் சாற்றை விட்டுப் பார்க்கும் சோதனை. உயிருள்ள செல் மஞ்சள் சாயத்தை ஊதாவாக்கும். ஊதா வெளிறினால் செல் செத்தது என்று கணக்கு. நல்ல சோதனைதான், மறுக்கவில்லை. ஆனால் அளவைக் கூட்டினால் சமையல் உப்பும் செல்லைக் கொல்லும்!

எத்தனை மைக்ரோகிராமில் பாதிச் செல்கள் செத்தன? அதே அளவு நல்ல செல்லை என்ன செய்தது? அடுத்த முறை இப்படிச் செய்தி போடும்போது இந்த இரண்டையும் ஆய்வாளரிடம் கேட்டுச் சேர்த்துப் போடுங்கள்.

இப்படிக்கு,
ஒரு வாசகர்,
திருப்புலிவனம், உத்திரமேரூர் வட்டம்.