ஆபீஸ் மெயில் வழியாக நுழைந்து கரண்ட்டை நிறுத்தியது எப்படி? உக்ரைனில் நடந்ததும் கூடங்குளத்துக்கான கேள்வியும்

2015 டிசம்பர் 23. மேற்கு உக்ரைனில் உள்ள இவானோ-ஃபிராங்கிவ்ஸ்க் பகுதியின் மின் விநியோகக் கட்டுப்பாட்டு அறை. ஷிஃப்ட் முடியப்போகும் நேரத்தில், ஊழியர் ஒருவரின் கம்ப்யூட்டரில் மவுஸ் அம்புக்குறி தானாக நகர ஆரம்பித்தது. அவர் மவுஸைத் தொடவே இல்லை. அம்புக்குறி நேராகத் துணை மின்நிலையத்தின் பிரேக்கருக்குப் போய் அதை ஆஃப் செய்தது. தடுக்கப் பார்த்தவர் லாக்-அவுட் செய்யப்பட்டார். மறுபடி நுழையப் பார்த்தால் பாஸ்வேர்டு மாறியிருந்தது.

அதே நேரத்தில் இன்னும் இரண்டு விநியோக நிறுவனங்களிலும் இதே கதை. கொட்டும் குளிரில் சுமார் 2.25 லட்சம் வாடிக்கையாளர்களுக்கு மின்சாரம் இல்லை.

எங்கே ஆரம்பித்தது?

ஒரு மெயிலில். பல மாதங்களுக்கு முன்பே நிறுவன ஊழியர்களுக்கு வேர்டு ஃபைல் ஒன்று வந்தது. திறந்தவுடன் 'மேக்ரோவை அனுமதிக்கவும்' என்று கேட்டது. யாரோ கிளிக் செய்தார்கள். 'பிளாக்எனர்ஜி' என்ற மால்வேர் உள்ளே போனது.

ஆனால் அது போய்ச் சேர்ந்தது ஆபீஸ் கம்ப்யூட்டர்களுக்குத்தான். மின் கட்டுப்பாட்டு நெட்வொர்க் தனி. நடுவில் ஃபயர்வாலும் இருந்தது. ஹேக்கர்கள் அதை உடைக்கவில்லை. வெளியிலிருந்து கட்டுப்பாட்டு நெட்வொர்க்குக்குள் நுழைய ஊழியர்கள் பயன்படுத்திய விபிஎன் பாஸ்வேர்டுகளைத் திருடி, முன்வாசல் வழியாகவே போனார்கள். நம் பேங்க் ஆப்பில் கேட்கிற ஓடிபி மாதிரியான இரண்டாவது பூட்டு அங்கே இல்லை.

தாக்குதல் நாளில் சில கட்டுப்பாட்டு அறைகளின் யுபிஎஸ்-ஸையும் நிறுத்தினார்கள். மற்றவர்களுக்கு கரண்ட் கொடுக்கிறவர்களே இருட்டில் உட்கார வேண்டியதாயிற்று. வாடிக்கையாளர் சேவை எண்ணுக்குப் பொய் அழைப்புகளைக் குவித்து, உண்மையான புகார் எதுவும் போய்ச் சேராமல் பார்த்துக்கொண்டார்கள்.

காப்பாற்றியது பழைய வழிதான். ஊழியர்கள் வண்டியை எடுத்துக்கொண்டு ஒவ்வொரு துணை மின்நிலையமாகப் போய் பிரேக்கர்களைக் கையால் போட்டார்கள். ஆறு மணி நேரத்துக்குள் மின்சாரம் திரும்பியது. எல்லாமே ஆட்டோமேட்டிக் ஆகிவிட்ட, கையால் இயக்கத் தெரிந்த ஆட்கள் குறைந்துவிட்ட ஊராக இருந்தால் இவ்வளவு சீக்கிரம் மீண்டிருக்குமா என்பது சந்தேகமே.

'எங்க சிஸ்டம் தனி' என்றால் போதுமா?

2019 அக்டோபரில் கூடங்குளம் அணுமின் நிலையத்தில் மால்வேர் புகுந்ததாகத் தகவல் பரவியது. கட்டுப்பாட்டு அமைப்பு தனித்து இயங்குகிறது, அதன் மீது சைபர் தாக்குதலுக்கு வாய்ப்பே இல்லை என்று அக்டோபர் 29 அன்று நிலையத்தின் தரப்பில் மறுத்தார்கள். மறுநாளே, மால்வேர் இருந்தது உண்மைதான் என்று இந்திய அணுமின் கழகம் ஒப்புக்கொண்டது. நிர்வாக வேலைக்கான, இன்டர்நெட் இணைப்புள்ள கம்ப்யூட்டரில்தான் அது இருந்தது, முக்கியமான உள் நெட்வொர்க்கில் பாதிப்பில்லை என்றது. செப்டம்பர் 4-ஆம் தேதியே செர்ட்-இன் அமைப்பு எச்சரித்திருந்ததும் அப்போதுதான் வெளியே தெரிந்தது.

அணு உலைக்கு ஆபத்து வரவில்லை. ஆனால் 'நிர்வாக கம்ப்யூட்டர்தானே' என்று விட்டுவிட முடியாது. உக்ரைனில் கதை ஆரம்பித்ததே அங்கேதான். 2010-இல் வெளிச்சத்துக்கு வந்த ஸ்டக்ஸ்நெட் விஷயமும் அப்படித்தான். ஈரானின் நதான்ஸ் அணு மையத்தில் அது யுரேனியம் செறிவூட்டும் இயந்திரங்களை நாசமாக்கியது. அந்த மையத்தின் நெட்வொர்க்கும் இன்டர்நெட்டில் இல்லை. பென்டிரைவ் மூலம் பரவும் விதமாகவே அந்த மால்வேர் உருவாக்கப்பட்டிருந்தது.

இந்தியாவில் மின்சாரம், வங்கி, தொலைத்தொடர்பு போன்ற துறைகளின் முக்கிய கம்ப்யூட்டர் அமைப்புகளைப் பாதுகாக்க 2014-இல் என்சிஐஐபிசி அமைக்கப்பட்டது. அது கேட்க வேண்டியது 'நெட்வொர்க் தனியா?' என்று மட்டுமல்ல. ஆபீஸ் பக்கமிருந்து உள்ளே லாகின் செய்ய யாருக்கெல்லாம் முடியும்? திரை செத்துப்போனால் கையால் இயக்கத் தெரிந்தவர்கள் எத்தனை பேர்?

உக்ரைனைத் தாக்கியவர்கள் ஓராண்டிலேயே திரும்பி வந்தார்கள். 2016 டிசம்பரில் தலைநகர் கீவின் ஒரு பகுதியில் சுமார் ஒரு மணி நேரம் மின்சாரம் போனது. இந்த முறை மவுஸை நகர்த்த ஆளே தேவைப்படவில்லை. 'இன்டஸ்ட்ராயர்' என்ற மால்வேரே பிரேக்கர்களுக்கு நேரடியாக உத்தரவு போட்டது. அன்றைக்கும் ஊழியர்கள் கையால்தான் மின்சாரத்தை மீட்டார்கள்.