விழியில் பிழிவதா தமிழ் மருத்துவம்?

திருப்பெரும்புதூர் முதல் ஒரகடம் வரை மகிழுந்து ஆலைகள் அணிவகுத்து நிற்கின்றன. அங்குச் சாணைக்கல்லில் தெறிக்கும் இரும்புத் துகளும், கட்டடப் பணியில் பறக்கும் மண்ணும் உழைப்பாளியின் விழியைத் தாக்குகின்றன. கண் சிவந்தால் என் செய்வது? "நந்தியாவட்டைப் பூவைக் கசக்கிப் பிழி! தமிழ் மருந்திருக்க அயல்மருந்து எதற்கு?" என்று மார்தட்டும் வாய்கள் உண்டு.

அது பொய்ப்பெருமை! மண்ணிலும் நீரிலும் வாழும் அகாந்தமீபா என்னும் ஓரணு உயிரி, புண்பட்ட கருவிழியில் புகுந்து அரிக்கும். மருந்து பட்டால் உறைக்குள் ஒடுங்கும். மருந்து நின்றால் மீண்டெழும். அதனை வெல்லத் திங்கட்கணக்கில் சொட்டு மருந்து இடல் வேண்டும். மதுரை அரவிந்த் கண் மருத்துவமனையில் 1994-இன் முதல் மூன்று திங்களில் கருவிழிப் புண்ணுற்ற 434 பேரை ஆய்ந்தனர். அவருள் 284 பேர்க்கு விழியில் அடிபட்டிருந்தது. நோயுயிர் வளர்ந்து காட்டிய 297 பேருள் மூவர்க்கே அகாந்தமீபா. ஏனையோர்க்குப் பூஞ்சையும் பாக்டீரியாவும். வெறுங்கண்ணால் பிரித்தறியவொண்ணாத இந்நோய்க்குப் பச்சிலையைக் கசக்கிப் பிழிவது, அதில் ஒட்டிய பூஞ்சையையும் சேர்த்துப் பிழிவதன்றோ?

பச்சிலைக்கு ஆற்றல் இல்லையா? உண்டு! சீனத்துத் தூ யூயூ அம்மையார் பழைய மருத்துவ நூற்குறிப்பொன்றைப் பற்றிச் சென்று, தம் குழுவினருடன் 1972-இல் மூலிகையொன்றினின்று மலேரியா ஒட்டுண்ணியைக் கொல்லும் மருந்தைப் பிரித்தெடுத்தார். 2015-இல் நோபல் பரிசு பெற்றார். அவர் மூலிகையைப் புகழ மேடை ஏறவில்லை; ஆய்வுக்கூடம் புகுந்தார். ஆய்வுத் தட்டில் அகாந்தமீபாவைக் கொன்ற இலைச்சாறுகளும் உள. தட்டில் அதனைக் கொன்ற சாறு, விழியில் அதனை மட்டும் கொல்லுமா, விழியையும் கொல்லுமா என்பதே வினா! கண்ணோயை 96 என வகுத்த சித்தர் வழியினர் இவ்வினாவுக்கு அஞ்சலாமா?

ஒரகடத்துக்கு அண்மையில், தாம்பரத்தில், 2005 முதல் தேசிய சித்த மருத்துவ நிறுவனம் இயங்குகிறது. சென்னை எழும்பூரில் 1819-இல் தோன்றிய அரசு கண் மருத்துவமனை உள்ளது. இரண்டும் இணைந்து இச்சாறுகளை ஆய்க எனக் கேட்பதே தமிழ்ப்பற்று. ஆலைதோறும் விழிக்காப்புக் கண்ணாடியும், தமிழில் எச்சரிக்கைப் பலகையும் வைக்கக் கேட்பதும் தமிழ்ப்பற்றே. அதுவரை, துகள் பட்ட கண்ணைத் தேய்க்காது, சாறு பிழியாது, கண் மருத்துவரிடம் விரைக!

தமிழன் விழியைக் காவு கொடுத்துத் தமிழ் மருத்துவத்தைக் காக்கவியலாது!