5000 வாட்ஸ் பெட்டியும் ஒரு 6 ஆம்பியர் பிளக்கும்

ரெண்டு வகை ஆளுங்களோட எனக்கு சண்டை இருக்கு. ஒருத்தர் "எத்தனை வாட்ஸ்?"னு மட்டும் கேட்டு ஸ்பீக்கர் வாங்குறவர். இன்னொருத்தர் "லட்ச ரூபாய்க்கு கீழ இருக்கிறதெல்லாம் ஸ்பீக்கரா?"னு சிரிக்கிறவர். முதல் ரகம் எங்க கள்ளக்குறிச்சியில தெருவுக்கு நாலு பேர். ரெண்டாவது ரகம் சென்னையில இருந்து போன்ல வகுப்பெடுக்கும். ரெண்டு பேரும் காதை வீட்டுல கழட்டி வெச்சிட்டுதான் கடைக்குப் போறாங்க.

இவ்வளவு கோபம் எதுக்குன்னா, எங்க மாமாவால.

மாமா கல்வராயன் மலையில வாத்தியாரா இருந்து ரிடையர் ஆனவர். மலையை விட்டு இறங்க மனசில்லாம வெள்ளிமலை பக்கமே வாடகை வீட்டுல இருக்கார். ராத்திரி பி.சுசீலா கேக்கணும், அவ்வளவுதான் அவர் ஆசை. டவுன்ல ஒரு கடையில 18 ஆயிரத்துக்கு ஆள் உயர டவர் பெட்டியை தலையில கட்டிட்டாங்க. அட்டையில '5000 வாட்ஸ் பி.எம்.பி.ஓ.'ன்னு கொட்டை எழுத்து. அதை வண்டியில கட்டி, கச்சிராயபாளையம், கோமுகி அணையெல்லாம் தாண்டி, வளைவு வளைவா மேல ஏத்தியிருக்கார்.

நான் போனப்ப பெட்டி மேல துண்டு காயுது.

"என்ன மாமா, பாட்டு போடலையா?"

"வேணாம் மாப்ளே. எனக்கு காது போயிடுச்சு போல. சத்தம் வருது, வார்த்தை புரியல."

போட்டுப் பார்த்தேன். டொம் டொம்னு தரை அதிருது. சுசீலாம்மா கிணத்துக்குள்ள இருந்து பாடுறாங்க. போனது மாமா காது இல்ல, மாமா பணம்.

அடுத்த தடவை போறப்ப என்னோட பழைய புக் ஷெல்ஃப் ஜோடியை எடுத்துட்டுப் போனேன். 5 இன்ச் வூஃபர், சின்ன ஆம்ப்ளிஃபயர், எல்லாம் செகண்ட் ஹேண்ட்ல 9 ஆயிரம். அதே போன், அதே பாட்டு. சரணம் வந்தப்ப மாமா நிமிர்ந்து உக்காந்தார். "மூச்சு வாங்குறது கூட கேக்குதேடா!"ன்னார். நாலு மாசமா ஒரு மனுஷன் தனக்கு காது செவிடுன்னு நம்பிட்டு இருந்திருக்கார்ங்க. அதுக்குத்தான் இந்தப் பதிவு.

இப்ப அந்த 5000 வாட்ஸ் கதைக்கு வருவோம். டி.வி. பக்கத்துல இருக்கிற சின்ன பிளக் பாயிண்ட் 6 ஆம்பியர். கரண்ட் 230 வோல்ட். பெருக்கிப் பாருங்க, 1380 வாட்ஸ். அந்த ஓட்டை வழியா தொடர்ந்து 5000 வாட்ஸ் எப்படி சார் வரும்? மாமா பெட்டியோட அடாப்டரைத் திருப்பிப் பார்த்தேன். 24 வோல்ட், 3 ஆம்பியர். 72 வாட்ஸ். முடிஞ்சது கதை! பி.எம்.பி.ஓ.ங்கிறதுக்கு ஒழுங்கான அளவுமுறையே கிடையாது. அமெரிக்காவுல வீட்டு ஆம்ப்ளிஃபயர் வாட்ஸை எப்படி அளந்து சொல்லணும்னு 1974லயே விதி போட்டாங்க. நாம இன்னும் அட்டைப்பெட்டியை நம்பிட்டிருக்கோம்.

நிஜ வாட்ஸா இருந்தாலும் அதுக்கு இவ்வளவு மவுசு தேவையில்ல. வாட்ஸை ரெண்டு மடங்காக்கினா கூடுறது வெறும் 3 டெசிபல். கேக்கவேண்டியது சென்சிடிவிட்டி. 86 டெசிபல்னு போட்டிருந்தா, 1 வாட் கொடுத்தா 1 மீட்டர் தூரத்துல 86 டெசிபல் வரும்னு அர்த்தம். நாம சாதாரணமா பேசுறதே 60 டெசிபல் கிட்டதான். வெள்ளிமலை ராத்திரியில பூச்சி சத்தத்தைத் தவிர வேற போட்டி கிடையாது. அங்க ஒரு வாட்டே தாராளம்.

"சின்னப் பெட்டியில பேஸ் வராதே"ம்பாங்க. சரிதான், ரொம்ப கீழ் ஸ்தாயி வராது. ஆனா வார்த்தை புரியறது நடு ஸ்தாயியிலயும் அதுக்கு மேலயும்தான். கீழ் சத்தத்தை அளவில்லாம ஊதிவிட்டா அது குரலை மூடிடும். மாமா வீட்டுல நடந்தது அதேதான். பி.பி.சி. 1970கள்ல வெளிப்புற ஒலிபரப்பு வேனுக்குள்ள வெச்சு கேக்க எல்.எஸ்.3/5ஏ-ன்னு ஒரு ஸ்பீக்கர் பண்ணினாங்க. உயரம் ஒரு அடி. அதுலயும் 5 இன்ச் வகை வூஃபர்தான். கல்யாணத்துக்கு ஊரைக் கூட்டணும்னா மைக் செட் வேணும். ஹாலுக்கு எதுக்குங்க?

அடுத்து நம்ம லட்ச ரூபாய் அண்ணாச்சி. ஃப்ளாய்ட் டூல், ஷான் ஆலிவ்னு ரெண்டு பேர் 1994ல ஒரு சோதனை வெளியிட்டாங்க. நாலு ஸ்பீக்கரை முதல்ல திரைக்குப் பின்னாடி வெச்சு, அப்புறம் கண்ணுக்கு முன்னாடி வெச்சு மார்க் போடச் சொன்னாங்க. கண்ணுல பட்டதும் மார்க் மாறிடுச்சு! சின்ன, விலை கம்மியான பெட்டிக்கு மார்க் இறங்கிடுச்சு. கேட்டது காது, மார்க் போட்டது கண்ணு. அண்ணாச்சி, நீங்களும் நானும் இதுக்கு விதிவிலக்கு இல்ல.

விலை முக்கியமே இல்லன்னு சொல்ல வரல. நல்ல மரப்பெட்டி, நல்ல கிராஸ்ஓவர், நல்ல ட்வீட்டர் எல்லாத்துக்கும் காசு ஆகும். 2 ஆயிரத்துல இருந்து 15 ஆயிரத்துக்குப் போனா வித்தியாசம் பளிச்னு தெரியும். 50 ஆயிரத்துல இருந்து ஒரு லட்சத்துக்குப் போனா தேடித்தான் கண்டுபிடிக்கணும். அந்தக் காசுல ஹாலுக்கு ஒரு கனமான திரைச்சீலையும் ஜமக்காளமும் வாங்குங்க. டைல்ஸ் தரையும் மொட்டைச் சுவரும் இருக்கிற நம்ம வீடுகள்ல எதிரொலிதான் முதல் எதிரி.

வாங்கப் போறவங்க இதைச் செய்யுங்க. உங்களுக்கு மனப்பாடமான ஒரு பாட்டை கொண்டு போங்க. கடைக்காரர் போடுற டொம் டொம் பாட்டு வேணாம். ரெண்டு ஸ்பீக்கரையும் ஒரே அளவு சத்தத்துல வைக்கச் சொல்லுங்க, ஏன்னா சத்தம் கொஞ்சம் கூடினாலே காது அதைத்தான் நல்லதுன்னு சொல்லும். கண்ணை மூடிக் கேளுங்க. விலையை கடைசியா கேளுங்க. கேக்கவிடாத கடையா? வெளிய வந்துடுங்க.

வீட்டுக்கு வந்ததும் பேரைப் பார்த்து ஏமாந்து ஷோகேஸுக்குள்ள திணிக்காதீங்க. சுவரை விட்டு ஒரு அடி தள்ளி, ட்வீட்டர் காது மட்டத்துல இருக்கட்டும்.

என் ஜோடி இப்ப வெள்ளிமலையிலதான் இருக்கு. திருப்பிக் கேக்க எனக்கு மனசு வரல, கொடுக்க மாமாவுக்கு மனசு வரல. டவர் பெட்டி? அது மேல இன்னும் துண்டுதான் காயுது :-)