டாக் போர்டிங் நம்பர் கேட்டவர்களுக்கு



முழு ஆண்டுத் தேர்வு முடிந்து லீவு விட்டாயிற்று. இந்த ஒரு வாரத்தில் மூன்று பேர் எனக்குப் போன் செய்தார்கள். ஒருவன் என்னிடம் பத்தாம் வகுப்பு படித்தவன். ஒருத்தி என் தங்கை மகள். இன்னொருவர் சம்பந்தி வீட்டுப் பக்கம். மூன்று பேரும் கேட்டது ஒன்றுதான். "பிள்ளைங்களைத் தீம் பார்க்குக் கூட்டிட்டுப் போறோம். போன வருஷம் ஜிம்மியை ஒரு டாக் போர்டிங்ல விட்டீங்களே, அந்த நம்பர் கொடுங்க. ரெண்டு நாள்தானே!"

நம்பர் தரமாட்டேன். ஏன் என்று ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகச் சொல்லிக்கொண்டிருக்க எனக்குப் பொறுமை இல்லை, அதனால் எல்லோருக்கும் சேர்த்து இங்கே எழுதுகிறேன். நீளமாகத்தான் இருக்கும். வகுப்பில் 45 நிமிடம் என்னைப் பொறுத்துக்கொண்டவர்கள், இன்னும் பத்து நிமிடம் பொறுத்துக்கொள்ளுங்கள்.

போன வருடம் ஆயுத பூஜை லீவுக்குப் பெரியவன் குடும்பத்தோடு சேலம் வந்தான். பேத்திக்கு பிடதி வொண்டர்லா போக வேண்டும், அப்படியே மைசூரும் பார்க்க வேண்டும். மூன்று ராத்திரி. வேன் பேசியாயிற்று, ஓட்டல் ரூம் போட்டாயிற்று, பிள்ளைகளுக்கு நீச்சல் உடை வாங்கியாயிற்று. கிளம்புவதற்கு முந்தைய நாள் இரவு ஒன்பது மணிக்கு என் வீட்டம்மா கேட்டாள், "ஏங்க, ஜிம்மியை என்ன பண்றது?"

எட்டு வருடமாக எங்கள் வீட்டில் இருக்கிறவன். அவனைப் பற்றி அதுவரை ஒருத்தருக்கும் ஞாபகம் வரவில்லை. எனக்கும் வரவில்லை.

பெரியவன் போனில் தேடினான். பக்கத்தில் எது, விலை குறைவு எது என்று பார்த்தான். ஒரு நாளைக்கு 450 ரூபாய். காலையில் வேனிலேயே போய் இறக்கிவிட்டோம். முன்பக்கம் பச்சைப் புல், சுவரெல்லாம் நாய்க் கால் தடம் வரைந்து அழகாக இருந்தது. பின்பக்கம் பார்க்கலாமா என்று கேட்டேன். "மத்த நாய்ங்க குரைக்கும் சார், வேண்டாம்" என்றார்கள். சரி என்றேன். தடுப்பூசி அட்டையைக் கையில் எடுத்துப் போயிருந்தேன். அதை அவர்கள் கேட்கவே இல்லை. பரவாயில்லை, தொந்தரவு கொடுக்காத ஆட்கள் என்று சந்தோஷப்பட்டேன்.

முப்பத்தி நான்கு வருடம் பாடம் நடத்தியவன், அதிலும் அறிவியல் வாத்தியார், அந்த இடத்தில் யோசிக்க வேண்டியதை யோசிக்கவில்லை. என் நாயின் அட்டையைக் கேட்காதவர், அடுத்த கூண்டில் இருக்கிற நாயின் அட்டையை மட்டும் கேட்டிருப்பாரா?

தினமும் வாட்ஸ்அப்பில் ஒரு வீடியோ வந்தது. பன்னிரண்டு விநாடி. மூன்று நாளும் அதே மூலை, அதே தட்டு. தட்டில் சோறு அப்படியே இருந்தது. பேத்தி கேட்டாள், "ஜிம்மி சாப்பிட்டானா தாத்தா?" சாப்பிட்டான் என்றேன். அந்த வீடியோவை அவளிடம் காட்டவில்லை. பொய் சொல்லக் கூடாது என்று ஊர்ப் பிள்ளைகளுக்கெல்லாம் சொல்லிக்கொடுத்தவன், ஒரு ராட்டின டிக்கெட்டுக்காகச் சொந்தப் பேத்தியிடம் பொய் சொன்னேன்.

திரும்பி வந்து கூட்டிப் போனபோது அவனுக்குக் குரலே எழவில்லை. அவ்வளவு குரைத்திருக்கிறான். எடை போட்டுப் பார்த்தால் இரண்டு கிலோ குறைந்திருந்தது. காதுக்குள்ளும் கால் விரல் இடுக்கிலும் உண்ணி. பிடுங்கிப் போட்டுவிட்டு, வேலை முடிந்தது என்று நினைத்தோம். பத்தாம் நாள் சாப்பாட்டை நிறுத்தினான். ஈறு வெளுத்துவிட்டது. ஒரு நாள் காலையில் மூக்கிலிருந்து ரத்தம். நாமக்கல் கால்நடை மருத்துவக் கல்லூரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடினோம். உண்ணிக் காய்ச்சல். ரத்தத்தில் பிளேட்லெட் மிகவும் குறைந்திருந்தது. 28 நாள் மாத்திரை. பிழைத்துக்கொண்டான்.

நியாயத்துக்கு ஒன்று சொல்லிவிடுகிறேன். அந்த உண்ணி அங்கேதான் ஏறியது என்று என்னால் நிரூபிக்க முடியாது. உண்ணி கடித்து ஒன்று முதல் மூன்று வாரத்துக்குள் காய்ச்சல் காட்டும். நாள் கணக்கு பொருந்துகிறது, அவ்வளவுதான். அதனால் அந்த இடத்தின் பெயரை எழுதவில்லை. இந்தப் பதிவு அவர்களைத் திட்டுவதற்காக இல்லை. என்னையும், என்னைப் போலவே இந்த வாரம் கிளம்பப் போகிற உங்களையும் திட்டுவதற்காக.

இதைச் சொன்னதும் போனில் எனக்கு வந்த பதில்களை வரிசையாக எடுத்துக்கொள்கிறேன்.

முதல் பதில்: "நாய்தானே சார்."

நாய்தான். அதைத் தேடிக்கொண்டு நீங்கள்தான் போனீர்கள், அது உங்களைத் தேடி வரவில்லை. பிள்ளையின் பிறந்தநாளுக்கு ரிப்பன் கட்டிக் கொண்டுவந்தபோது "எங்க வீட்டுப் பையன்" என்று இதே முகநூலில் படம் போட்டீர்கள். நானும் லைக் போட்டேன். படம் போடும்போது பையன், லீவு வந்தால் நாய்தானே. இந்த இரண்டையும் உங்கள் பிள்ளைகள் பார்த்துக்கொண்டுதான் இருக்கிறார்கள். நாளைக்கு நமக்கும் வயதாகும், அவர்களுக்கும் லீவு வரும். இதற்கு மேல் சொல்ல வேண்டியதில்லை.

இரண்டாவது பதில்: "காசு கட்டித்தானே விடறோம். பார்த்துக்க வேண்டியது அவங்க பொறுப்பு."

பள்ளி விடுதியில் பதினொரு வருடம் வார்டனாக இருந்தவன் நான். பிள்ளையைச் சேர்க்க வரும் பெற்றோர் இரண்டு வகை. ஒரு வகையினர் கட்டடத்தின் முகப்பைப் பார்த்துவிட்டுப் பீஸ் கட்டிவிட்டுப் போய்விடுவார்கள். இன்னொரு வகையினர் நேராகக் கக்கூசுக்குப் போவார்கள். குடிதண்ணீர்த் தொட்டியின் மூடியைத் திறந்து பார்ப்பார்கள். ராத்திரி பிள்ளைகளோடு யார் படுக்கிறது என்று கேட்பார்கள். அந்தக் கேள்விகளைக் கேட்டு அப்போது எனக்கு எரிச்சல்தான் வரும். ஆனால் அந்த வீட்டுப் பிள்ளைக்குக் காய்ச்சல் என்றால் நான் இரண்டு முறை எழுந்து போய்ப் பார்த்தேன். கேட்க ஆள் இருக்கிறது என்று தெரிந்தால் எந்த வார்டனும் எழுந்து போவான். பீஸ் கட்டியதோடு பொறுப்பும் போய்விட்டது என்று நினைத்தவர்களின் பிள்ளைகளைப் பற்றி நான் எழுத விரும்பவில்லை.

அந்தப் பிள்ளைக்காவது வாய் இருந்தது. ஞாயிற்றுக்கிழமை அம்மா வந்தால் சொல்லி அழும். ஜிம்மியிடம் யார் கேட்பது?

மூன்றாவது பதில்: "வெளிநாட்டுல எல்லாரும் போர்டிங்லதானே விடறாங்க."

விடுகிறார்கள். அமெரிக்காவில் ஃபுளோரிடா டிஸ்னி வேர்ல்டு வளாகத்திலேயே 2010 முதல் செல்லப் பிராணிகளுக்கென்று ஒரு விடுதி நடக்கிறது. தடுப்பூசிச் சான்று இல்லாமல் அங்கே நாயைச் சேர்க்க முடியாது. அவர்களுடைய ஏசி அறையும் கட்டணமும் நமக்கு எட்டாது, ஒத்துக்கொள்கிறேன். ஆனால் "அட்டையைக் காட்டுங்க" என்று கேட்பதற்கு எத்தனை டாலர் செலவாகும்? நாம் அவர்களிடமிருந்து தீம் பார்க்கை எடுத்துக்கொண்டோம், கேள்வி கேட்கிற பழக்கத்தை எடுத்துக்கொள்ளவில்லை.

நான்காவது பதில்தான் எனக்குத் தூக்கத்தைக் கெடுத்தது. சொன்னவன் என் மாணவன். "அப்போ காரிலேயே கூட்டிட்டுப் போயிடறோம் சார். பார்க்கிங்ல நிழல் பார்த்து நிறுத்தி, கண்ணாடியைக் கொஞ்சம் இறக்கிவிட்டுட்டுப் போறோம்."

டேய், உனக்கு வெப்பம் பாடம் நடத்தினது நான்தானே! வெளியே 29 டிகிரி இருந்தால், மூடிய காருக்குள் பத்து நிமிடத்தில் 40 டிகிரி ஆகிவிடும். அரை மணி நேரத்தில் 48. கண்ணாடியைக் கொஞ்சம் இறக்குவதால் பெரிதாக எதுவும் குறையாது. இந்த மே மாதத்தில் நம் ஊரில் காலை எட்டு மணிக்கே 29 டிகிரி தாண்டிவிடுகிறது. நாய்க்கு நம்மைப் போல் உடம்பெல்லாம் வியர்க்காது, மூச்சு வாங்கித்தான் சூட்டை வெளியேற்ற வேண்டும். அதன் உடம்புச் சூடு சாதாரணமாக 38லிருந்து 39 டிகிரி. 41ஐத் தாண்டினால் உயிருக்கு ஆபத்து. நீ டிக்கெட் வரிசையில் நிற்கிற நேரம் போதும் அது சாக.

மொட்டை மாடியில் கட்டி இரண்டு நாள் சோற்றை மொத்தமாக வைத்துவிட்டுப் போகலாம் என்று நினைக்கிறவர்களுக்கும் சேர்த்து ஒன்று. போதுமான உணவு, தண்ணீர், இருப்பிடம் கொடுக்காமல் விடுவதும், நெடுநேரம் கட்டிப்போடுவதும் 1960ஆம் ஆண்டு மிருகவதைத் தடுப்புச் சட்டத்தின் 11ஆம் பிரிவின்படி குற்றம். முதல் முறைக்கு அபராதம் எவ்வளவு தெரியுமா? 10 ரூபாயிலிருந்து 50 ரூபாய் வரை. ஒரு டீ, ஒரு வடை, ஒரு பன் விலை. ஆகவே சட்டத்துக்குப் பயந்து யாரும் ஒழுங்காக இருக்கப் போவதில்லை. மனசாட்சிக்குப் பயந்தால்தான் உண்டு.

"சரி சார், திட்டியாச்சு. என்னதான் செய்யறது?" என்று கேட்பீர்கள். சொல்கிறேன்.

நாயை அதன் வீட்டிலேயே விடுவதுதான் நல்லது. சாவியைக் கொடுத்துவிட்டுப் போகிற அளவுக்குத் தெருவில் ஒருவரையாவது பழகி வைத்துக்கொள்ளுங்கள். எங்கள் தெருவில் பால் ஊற்றும் அக்காவிடம் வால் ஆட்டாமல் ஜிம்மி ஒரு நாளும் இருந்ததில்லை. ஒரு வார்த்தை கேட்டிருந்தால் காலையும் மாலையும் வந்து பார்த்திருப்பார். நாங்கள் கேட்கவில்லை. அடுத்த வீட்டில் உதவி கேட்பதைவிட முன்பின் தெரியாதவருக்கு ஜிபேயில் 450 ரூபாய் அனுப்புவது நமக்கு இப்போது சுலபமாகிவிட்டது.

போர்டிங்தான் கதி என்றால், கிளம்புவதற்கு ஒரு மாதம் முன்பே ஆரம்பியுங்கள். ரேபிஸ் ஊசியும் கூட்டுத் தடுப்பூசியும் போட்டிருக்கிறதா என்று அட்டையைப் பாருங்கள். முந்தின நாள் ஊசி போட்டுக் கொண்டுபோய் விடுவதில் பயனில்லை, எதிர்ப்புச் சக்தி வர இரண்டு வாரமாவது ஆகும். கூட்டமாக நாய்கள் இருக்கிற இடத்தில் இருமல் நோய் சுலபமாகப் பரவும், அதற்கும் ஊசி இருக்கிறதா என்று மருத்துவரிடம் கேளுங்கள். உண்ணி மருந்து போட்டுவிட்டு அனுப்புங்கள். இடத்தை நேரில் போய்ப் பாருங்கள், அதுவும் பின்பக்கத்தை. காட்டமாட்டேன் என்றால் அப்படியே திரும்பி வந்துவிடுங்கள். ராத்திரி அங்கே ஆள் தங்குகிறாரா, நாய்க்கு முடியாமல் போனால் எந்த மருத்துவரிடம் கொண்டுபோவார்கள் என்று கேளுங்கள். முதலில் ஒரே ஒரு ராத்திரி விட்டுப் பாருங்கள். அது படுத்துப் பழகின பழைய துணியை உடன் கொடுத்தனுப்புங்கள்.

நன்றாக நடத்துகிறவர்களும் இருக்கிறார்கள். அவர்களைக் கண்டுபிடிப்பது சுலபம். நாம் கேட்பதற்கு முன்னால் அவர்கள் நம்மைக் கேள்வி கேட்டுத் துளைப்பார்கள். கடைசியாக எப்போது ஊசி போட்டீர்கள், இடிச் சத்தத்துக்குப் பயப்படுமா, மற்ற நாயோடு சண்டை போடுமா என்று கேட்பார்கள். அப்படிக் கேட்கிற இடத்தில் விடுங்கள். எதுவுமே கேட்காமல் சங்கிலியைக் கையில் வாங்குகிற இடத்தில் விடாதீர்கள்.

இது எதுவுமே முடியாதென்றால் வீட்டில் ஒருவர் தங்குங்கள். இதைச் சொன்னதும் தங்கை மகளுக்குக் கோபம் வந்துவிட்டது. "ஒரு நாய்க்காக ஒருத்தர் டூரையே விடணுமா மாமா?"

அவளுக்குப் போனில் சொல்லாததை இங்கே சொல்கிறேன். அந்தத் தீம் பார்க்கில் நான் ஒரு ராட்டினத்தில்கூட ஏறவில்லை. எனக்கு மூட்டு வலி. தண்ணீரிலும் இறங்கவில்லை. எல்லோருடைய செருப்பையும் பையையும் போனையும் காவல் காத்துக்கொண்டு காலையிலிருந்து சாயங்காலம் வரை நிழலில் ஒரு பெஞ்சில் உட்கார்ந்திருந்தேன். அங்கே உட்கார்ந்ததை என் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்திருக்கலாம். பக்கத்தில் ஜிம்மி படுத்திருப்பான். பேத்தியிடம் பொய்யும் சொல்லியிருக்க வேண்டாம். "நான் வரலை, நீங்க போய்ட்டு வாங்க" என்று சொல்ல ஐந்து விநாடி போதும். எனக்கு அது தோன்றவில்லை.

இப்போது அவன் நன்றாகத்தான் இருக்கிறான். சாப்பிடுகிறான், தபால்காரரைப் பார்த்துக் குரைக்கிறான். பீரோ மேலிருந்து சூட்கேஸை இறக்கினால் மட்டும் கட்டிலுக்கு அடியில் போய்விடுகிறான். போன வாரம் பழைய துணி எடுப்பதற்காக இறக்கினேன். சாயங்காலம் வரை அவன் வெளியே வரவில்லை.

போன் செய்த மூன்று பேரும் கோபித்துக்கொள்ள வேண்டாம். பிள்ளைகளைக் கூட்டிப் போங்கள், சந்தோஷமாக விளையாடட்டும். கிளம்புவதற்கு முன்னால் நாயின் தடுப்பூசி அட்டையைப் படம் எடுத்து எனக்கு அனுப்புங்கள். அட்டையே இல்லாதவர்கள் முதலில் கால்நடை மருத்துவமனைக்குப் போய்விட்டு, பிறகு டிக்கெட் போடுங்கள்.

மறுப்பு இருந்தால் கீழே எழுதலாம், நான் சண்டைக்குத் தயார். "நாய்தானே சார்" என்று மட்டும் யாரும் எழுத வேண்டாம். அதற்கு மேலேயே பதில் சொல்லிவிட்டேன்.

அன்புடன்,
உங்கள் அறிவியல் வாத்தியார்