உரப் பரிந்துரை சென்டுக் கணக்கில் வேண்டும்

நெல்லுக்கு ஹெக்டேருக்கு 150 கிலோ தழைச்சத்து என்று துண்டுப் பிரசுரம் சொல்கிறது. அதைப் படிக்கும் விவசாயியின் நிலமோ 1 ஏக்கர் 20 சென்ட். அவர் ஹெக்டேரை ஏக்கராக்க வேண்டும். தழைச்சத்தை யூரியாவாக்க வேண்டும். பிறகு கிலோவை மூட்டையாக்க வேண்டும். உரக்கடை வாசலில் நின்றுகொண்டு இத்தனை கணக்கும் யார் போடுவது?

ஆகவே சிலர் ஹெக்டேர் என்றால் இரண்டு ஏக்கர் என்று வைத்துக்கொள்கின்றனர். வினை இங்கேதான் தொடங்குகிறது. ஒரு ஹெக்டேர் என்பது 247 சென்ட். யூரியாவில் தழைச்சத்து 46 சதம். 150 கிலோவையும் யூரியாவாகவே இடுவதானால் ஹெக்டேருக்கு 326 கிலோ, ஏக்கருக்கு 132 கிலோ ஆகிறது. இரண்டால் வகுத்தவர் ஏக்கருக்கு 163 கிலோ இடுகிறார். 31 கிலோ கூடுதல். பயிர் கரும்பச்சையாக நிற்கும்; பார்க்க அழகுதான். பின்னாலேயே இலைச்சுருட்டுப் புழுவும் புகையானும் குலைநோயும் வரும். கதிர் முற்றும் சமயத்தில் பயிர் சாயும். உரச் செலவோடு மருந்துச் செலவும் சேர்ந்துகொள்ளும்.

ஹெக்டேர் தவறான அளவல்ல. 100 மீட்டர் நீளம், 100 மீட்டர் அகலம். பத்துப் பத்தாக வகுக்க எளிது. பட்டாவிலும் ஹெக்டேர், ஏர் என்றே பதிவாகிறது. (இந்த ஏருக்கும் உழவுக்கும் சம்பந்தமில்லை, நூறு சதுர மீட்டர், அவ்வளவுதான்.) ஏக்கரோ இங்கிலாந்தில் மாடு பூட்டி ஒரு நாளில் உழும் பரப்பாகப் பிறந்து, பின்னர் 66 அடிச் சங்கிலியால் அளக்கப்பட்டது. அதில் நூறில் ஒரு பங்கான சென்ட் 435.6 சதுர அடி. ஒழுங்கில்லாத எண்தான். ஆனாலும் வரப்பில் நிற்பவர் கண்ணுக்குப் பிடிபடுவது அதுவே.

தஞ்சைப் பகுதியில் இன்றும் மா என்பதே பேச்சு. 12 அடிக்கு 12 அடி ஒரு குழி, 100 குழி ஒரு மா; ஏறத்தாழ 33 சென்ட். மேற்சொன்ன யூரியா ஒரு மாவுக்கு 43.6 கிலோ. இப்போது வரும் 45 கிலோ மூட்டையில் ஒன்றரைக் கிலோ குறைவு. அதைத் தவணைகளாகப் பிரித்து இடச் சொன்னால் எந்த விவசாயி மறப்பார்?

விஞ்ஞானிகளும் இதை அறியாதவர்கள் அல்ல. ஒரு ஹெக்டேர் நடவுக்கு 20 சென்ட் நாற்றங்கால், சென்டுக்கு 2 கிலோ டி.ஏ.பி. என்று அவர்களே எழுதுகின்றனர். நாற்றங்காலில் உதவும் சென்ட் நடவு வயலில் மட்டும் ஏன் காணாமற்போக வேண்டும்?

ஹெக்டேர் அளவு ஆராய்ச்சி ஏடுகளில் இருக்கட்டும். விவசாயி கைக்குப் போகும் தாளில் சென்டுக்கு 1.32 கிலோ யூரியா என்று அச்சிட வேண்டும். டி.ஏ.பி. இடுவோர் அதிலுள்ள 18 சதத் தழைச்சத்தைக் கழித்துக்கொள்ள ஒரு வரியும் சேர்க்கலாம். வகுத்தல் கணக்கு, மேசையும் மின்விசிறியும் உள்ளவர்கள் செய்ய வேண்டிய வேலை. 1 ஏக்கர் 20 சென்ட் விவசாயி 120-ஐ 1.32-ஆல் பெருக்கினால் 158 கிலோ. மூன்றரை மூட்டை கேட்டு வாங்கிப் போவார்.