சராய்: வாயிலும் வழிப்போக்கரும்

பேர் சராய், கட்வாரியா சராய், ஜியா சராய்: டெல்லியில் ஆராய்ச்சி மாணவர்கள் வாடகைக்கு அறை தேடி அலையும் இடங்கள் இவை. வழிப்போக்கருக்கு இரவில் புகலிடம் தந்த கட்டடத்தின் பெயர், இன்று முன்பணம் கேட்கும் தெருக்களுக்கு ஒட்டிக்கொண்டிருக்கிறது. பெயர் எஞ்சிய அளவுக்கு அதன் பொருள் எஞ்சவில்லை.

ஷேர் ஷா (ஆட்சி: 1540–1545) இரண்டு குரோசத்துக்கு ஒன்றாக 1,700 சராய்களை அமைத்தார் என்பது, பின்னர் அக்பர் காலத்தில் எழுதிய அப்பாஸ் கான் சர்வானியின் கூற்று. ஐந்தாண்டு ஆட்சிக்கு அந்த எண் மிகையாகவே தோன்றுகிறது. ஆயினும், அவர் தரும் விவரங்கள் புறக்கணிக்கத்தக்கவையல்ல: இந்துக்களுக்கும் முஸ்லிம்களுக்கும் தனித்தனித் தங்குமிடம், குடிநீர், உணவு, செய்தி கொண்டு செல்ல அஞ்சல் குதிரைகள். சராய் வெறும் தருமம் அன்று. வணிகத்தையும் உளவையும் படை நகர்வையும் தாங்கிய ஆட்சிக் கருவியும் ஆகும். அரசின் தன்னலமும் அந்நியரின் பாதுகாப்பும் ஒரே கூரையின்கீழ் இணைந்ததே அதன் சிறப்பு.

மரபுரிமை உரையாடலோ வாயிலோடு நின்றுவிடுகிறது. பஞ்சாபின் நூர்மஹல் சராயில் செதுக்கு வேலை நிறைந்த செம்மணற்கல் வாயில் போற்றப்படுகிறது. அதைக் கட்டுவித்த நூர்ஜஹானின் பெயரைக் கல்வெட்டு சொல்கிறது. அத்தகைய சராய்களில் சமைத்து, விலங்குகளுக்குத் தீனியிட்டு, பயணிகளைப் பேணிய பட்டியாராக்களுக்கும் அவர்கள் வீட்டுப் பெண்களுக்கும் எந்தக் கல்லும் இல்லை.

1857 எழுச்சிக்குப் பின் சாந்தினி சௌக்கில் ஜஹானாராவின் சராய் இடிக்கப்பட்டு, அவ்விடத்தில் நகர மண்டபம் எழுந்தது. 1867 ஆம் ஆண்டின் சராய்ச் சட்டம் தூய்மையை வலியுறுத்தியது உண்மை. கூடவே, தங்கியவர் விவரத்தை மாவட்ட நீதிபதி கேட்டால் ஒப்படைக்கவும் பணித்தது. விருந்தினர் கண்காணிப்புக்கு உரியவரானார். இருப்புப்பாதை நீண்டதும் சராயின் தேவையும் சுருங்கியது.

2020 கோடையில் நெடுஞ்சாலைகளில் நடந்தே ஊர் திரும்பிய தொழிலாளர்களின் முன் சுங்கச்சாவடிகள் நின்றன. தங்கிச் செல்ல உரிமையுள்ள ஒரு கூரை நிற்கவில்லை. இடிந்த வாயிலுக்குச் சுண்ணாம்பு பூசுவது பாதுகாப்பில் பாதி மட்டுமே. வழியில் நிற்கும் ஏழைக்குச் சாலை என்ன கடன்பட்டிருக்கிறது என்ற கேள்வியை மீட்பதே மறுபாதி. அந்தக் கேள்வியை எழுப்பாத சராய் ஆய்வு, கட்டடத்தை அறிந்து அதன் காரணத்தைத் தவறவிட்டதாகும்.